ஒரு நல்ல நூலும் ஓர் எதிர்க்குறியும்

சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' 1978-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1988-இல். சுருக்கத்திற்கும் தெளிவுக்கும் பெயர் பெற்ற நூல். அதில் குறை காண்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பீர்கள். ஆயினும், முழுஎண்களின் வகுத்தலில் அது மாணவனை நட்டாற்றில் விட்டுவிடுகிறது என்பதே என் கருத்து.

மீதி காணும் குறிக்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டு லீப் ஆண்டுக் கணக்கு. ஆண்டு எதிர்க்குறி எண்ணாக வருவதில்லை, ஆகவே தொல்லையில்லை. ஆனால் -7-ஐ 2-ஆல் வகுத்தால்? ஈவு -3, மீதி -1 எனலாம். ஈவு -4, மீதி 1 எனவும் கூறலாம். இரண்டிலும் ஈவை 2-ஆல் பெருக்கி மீதியைக் கூட்டினால் -7 வந்துவிடுகிறது! எது கிடைக்கும் என்பது கணிப்பொறியைப் பொறுத்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, நூல் நகர்ந்துவிடுகிறது. அன்று அது உண்மையே. ஈவு -3 தான் என்று 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் முடிவு செய்தது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த 11-ஆம் வகுப்புப் பாடத்தில் சி++ மொழி. 2019-இல் வந்த 12-ஆம் வகுப்புப் பாடத்தில் பைத்தான். ஞாயிறு 0 என்று வைத்தால் செவ்வாய் 2. அதற்கு 5 நாள் முன்பு என்ன கிழமை? -3-ஐ 7-ஆல் வகுத்த மீதியாகப் பைத்தான் 4 என்னும். வியாழன், சரியான விடை. சி++ தருவது -3. அப்படியொரு கிழமை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

பெருக்கலிலும் ஒரு பள்ளம் உண்டு. நம் தஞ்சைக் கணக்கில் வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி. நம் கல்லூரிகளில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி கம்பைலரில் முழுஎண்ணின் உச்சவரம்பு 32767. 16 வேலிக்கு 32000 குழி என்று ஒழுங்காகச் சொல்லும். 17 வேலி என்றால் -31536! ஒரு வேலி கூடியதும் நிலமெல்லாம் கடனாகிவிட்டது. இன்றைய கம்பைலர்களில் வரம்பு 2,14,74,83,647. பள்ளம் தள்ளிப்போயிருக்கிறதே தவிர, தூர்ந்துவிடவில்லை. வரம்பு மீறினால் விடை என்ன என்பதைத் தரநிர்ணயம் இன்றும் வரையறுக்கவில்லை. வேகத்துக்காக நிரலைச் செப்பனிடும்போது, மீறலே நிகழாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிரல் இருவேறு விடை தரக்கூடும். "ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது" என்று மாணவர் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

கம்பைலரைச் சோதிப்போருக்கும் இதுவே முதல் தலைவலி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 'சிஸ்மித்' என்னும் கருவியால் தாறுமாறான நிரல்களை உண்டாக்கி, கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக 2011-இல் அறிவித்தனர். வரையறுக்கப்படாத கணக்கு எதுவும் அந்நிரல்களில் புகாமல் காப்பதற்கே அவர்கள் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது. அப்படி ஒன்று புகுந்தால், தவறு கம்பைலருடையதா நிரலுடையதா என்று எப்படிச் சொல்வது?

கெர்னிகனும் ரிச்சியும் இதை அறியாதவர்களல்லர். எண்ணை எழுத்துகளாக மாற்றும் தம் நிரல், மிகச் சிறிய எதிர்க்குறி எண்ணுக்குப் பயன்படாது என்று மூன்றாம் இயலில் தாமே சொல்லி, காரணம் கேட்டுப் பயிற்சியும் தருகிறார்கள். நூலின் மிகச் சிறந்த பயிற்சிகளுள் ஒன்று அது. அதை இரண்டாம் இயலிலேயே, வகுத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.