ஹெர்ன் கேட்ட ஜப்பான்

வெளிநாட்டில் போய் வசித்தவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. விமான நிலையத்தில் தொடங்கி, தெருச் சுத்தத்தில் வியந்து, சாப்பாட்டுக்குத் திண்டாடி, நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வரும் என்ற பெருமூச்சில் முடிபவை. இவற்றில் அந்த நாடும் இல்லை, போனவரும் இல்லை. அந்நிய சமூகம் பற்றிய ஒருவரின் மனப்பதிவு எந்தக் கட்டத்தில் இலக்கியமாகிறது என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. லஃப்காடியோ ஹெர்னைப் படிக்கும்போது விடை கிடைக்கிறதோ இல்லையோ, கேள்வியாவது உருப்படியாக எழுகிறது.

ஹெர்னுக்குச் சொந்த நாடு எது என்று சொல்வதே கஷ்டம். 1850இல் லெஃப்கதா என்ற கிரேக்கத் தீவில் பிறந்தவர். தாய் கிரேக்கப் பெண். தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்தில் அயர்லாந்துக்கார டாக்டர். டப்ளினில் கொண்டுவிடப்பட்ட குழந்தையை நான்கு வயதில் விட்டுவிட்டுத் தாய் தன் ஊருக்குத் திரும்பினாள்; மறுபடி அவளை அவர் பார்க்கவேயில்லை. பள்ளிக்கூட விபத்தில் இடது கண் போயிற்று. 19 வயதில் அமெரிக்கா. சின்சினாட்டியில் பத்திரிகை நிருபராக இருக்கையில், 1874இல், அடிமையாகப் பிறந்த ஒரு பெண்ணை மணந்தார். ஒஹையோ மாநிலச் சட்டம் அன்று இந்தக் கலப்பு மணத்தை அனுமதிக்கவில்லை. அடுத்த வருஷம் வேலை போயிற்று. பிறகு நியூ ஆர்லியன்ஸில் பத்து வருஷம், மார்ட்டினீக் தீவில் சுமார் இரண்டு வருஷம், 1890இல் ஜப்பான். அங்கேயே 1904இல் மரணம்.

1978இல் எட்வர்ட் சைத்தின் 'ஓரியண்டலிசம்' வந்த பிறகு ஹெர்ன் போன்றவர்களைக் கூண்டில் ஏற்றுவது சுலபமாகிவிட்டது. ஜப்பானைப் பொம்மை வீடாக்கினார். மாட்சுவே என்ற பழைய ஊரை நேசித்தவர் ராணுவ முகாம் இருந்த குமமோட்டோவை வெறுத்தார். தொழிற்சாலையும் பீரங்கியும் கொண்டு எழுந்துகொண்டிருந்த மெய்ஜி ஜப்பானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறைந்துகொண்டிருந்த ஜப்பானுக்காக உருகினார். இந்தக் குற்றப்பத்திரிகையை நானும் ஒரு காலத்தில் உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தவன்தான். இன்றும் அதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். 1894இல் வந்த முதல் ஜப்பான் புத்தகத்தில் எல்லாமே சின்னதாக, மென்மையாக, விநோதமாக இருக்கின்றன. அடைமொழிகள் மூச்சு முட்டவைக்கின்றன. பார்ப்பவனின் பரவசம் பார்க்கப்படுவதை மூடிவிடுகிறது. 14 வருஷம் வாழ்ந்தும், ஒரு ஜப்பானியப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்குமளவு அவர் தேறவில்லை.

மீதிப் பாதிதான் என்னை மறுபடி அவரிடம் இழுத்தது. மொழி தெரியாத இந்தக் குறையிலிருந்துதான் அவருடைய சிறந்த எழுத்து பிறந்திருக்கிறது. மனைவி செட்சு, மெய்ஜி மாற்றத்தில் நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண். அவள் பழைய புத்தகங்களைத் தேடிப் படித்துவிட்டு இரவில் அவருக்குக் கதை சொல்வாள். இலக்கணம் உடைந்த, வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒரு ஜப்பானிய மொழி அவர்களுக்குள் உண்டாகியிருந்தது. புத்தகத்தைப் பார்த்து வாசிக்க அவர் விடமாட்டார். அவள் தன் வார்த்தைகளில், தான் உணர்ந்தபடி சொல்லவேண்டும். 1904இல் வந்த 'க்வைதான்' பெரும்பாலும் இப்படிக் கேட்டு எழுதியது. அதில் முந்தைய அடைமொழிகள் உதிர்ந்துவிட்டன. வாக்கியம் ஒடுங்கி, கதை சொல்பவளின் மூச்சுக்குக் கட்டுப்படுகிறது. குருட்டுப் பாடகன் ஒருவன் தன் காதுகளைப் பறிகொடுக்கும் கதை அதில் இருக்கிறது. கண்ணால் பார்த்து எழுதிய ஹெர்னைவிடக் காதால் கேட்டு எழுதிய ஹெர்ன் பெரிய கலைஞர் என்பது என் கட்சி.

ஆனால் இங்கேதான் நெருடல். அட்டையில் செட்சுவின் பெயர் இல்லை. ஓர் அந்நியனின் தரிசனம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு ஜப்பானியப் பெண்ணின் தேர்வும் குரலும் உழைப்பும் கலந்திருக்கின்றன. ஹெர்ன் இறந்தபின் வெளிவந்த அவளுடைய நினைவுக்குறிப்புகள் இல்லாவிட்டால் இதன் முழு அளவு நமக்குத் தெரிந்திராது. இதைச் சொல்லாமல் ஹெர்னைப் புகழ்வது நேர்மையாகாது.

இன்னொரு ஒப்பீடும் அவசியம். 1896இல் ஹெர்ன் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, கொய்சுமி யாகுமோ என்ற ஜப்பானியப் பிரஜையானார். மனைவி மக்களின் சட்ட உரிமையைக் காப்பது அதன் முக்கிய காரணம். அதே வருஷம் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சேர்ந்தார். 1903இல் அவரை விலக்கினார்கள்; மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், லண்டனில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நட்சுமே சோசெகி. லண்டன் வாழ்க்கையைத் தன் வாழ்வின் மிக மோசமான காலம் என்று சோசெகி பின்னால் எழுதினார். அவர் ஆங்கிலம் கற்றவர். ஆனால் அங்கே வாழமுடியவில்லை. ஹெர்னால் ஜப்பானியம் வாசிக்க முடியவில்லை, ஆனால் வாழமுடிந்தது. இது வெறும் சுபாவ வித்தியாசமா? மாட்சுவேயில் ஹெர்ன் உள்ளூர் ஆசிரியர்களைவிட அதிகச் சம்பளம் பெற்ற, மரியாதைக்குரிய வெள்ளைக்கார வாத்தியார். லண்டனில் சோசெகி, போதாத உதவித்தொகையில் வாடகை அறையில் முடங்கிய ஆசியர். ஒரு நாட்டின்மேல் காதல் வருவதற்கு அந்த நாடு நம்மை எங்கே உட்கார வைக்கிறது என்பதும் காரணம். இந்தப் பிரக்ஞை ஹெர்னிடம் அதிகம் இல்லை.

ஆனாலும் அவரைப் பரவச யாத்ரீகர்களின் வரிசையில் தள்ளிவிட முடியவில்லை. சின்சினாட்டியில் அவர் தன் தேர்வுக்கு விலை கொடுத்திருக்கிறார். கடைசிப் புத்தகமான 'ஜப்பான்: ஒரு விளக்க முயற்சி'யில், இந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்வதில் உள்ள சிரமத்திலிருந்தே ஆரம்பிக்கிறார். செத்தவர்களின் பிடி உயிரோடிருப்பவர்கள்மேல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அதில் காதலன் கண்ணால் பார்க்கவில்லை. பொம்மை வீடு அங்கே உடைந்துவிடுகிறது.

நம் வெளிநாட்டு மனப்பதிவுகளிடம் நான் கேட்க விரும்புவது அதிகமில்லை. பத்து வருஷம் ஓர் ஊரில் இருந்தீர்களே, அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்கள் புத்தகத்தில் வாயைத் திறந்து ஒரு கதை சொல்கிறாரா? சொன்னால், அவர் பெயரைப் போட்டீர்களா? முதல் கேள்வியில் ஹெர்ன் தேறுகிறார். இரண்டாவதில் தேறவில்லை. நம்மவர்கள் இன்னும் முதல் கேள்விக்கே வந்து சேரவில்லை.