மெரினாவுக்கு மேலே ஒரு டகோட்டா

2024 அக்டோபர் 6, மெரினா. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாச் சாகசங்களைப் பார்க்கத் தொண்டூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் போன எங்களில் பலருக்கும் ரஃபேல் போர் விமானத்தின் மேல்தான் ஆசை. எனக்கு, பழைய பயண விமானமான டகோட்டா மேல்.

ரஃபேலைக் கண் தேடிப் பிடிப்பதற்குள் அது கடலுக்கு மேல் போய்விடும். டகோட்டா நம்மைப் பார்க்கவிடும். முதலில் அந்தக் கனத்த முரல் ஒலி. இரண்டு ரேடியல் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் இரு வட்ட வரிசைகளாக 14 சிலிண்டர்கள். பிறகு மழுங்கிய மூக்கு, நுனியை நோக்கிக் குறுகிச் செல்லும் நீண்ட இறக்கை. 1935 டிசம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்த வடிவம் இது. இதைவிட அழகான பயண விமானத்தை யாரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் விமானப்படையிடம் இருக்கும் இந்த ஒன்றுக்குப் பெயர் பரசுராமா. பழைய இரும்பாகப் போகவிருந்ததை இங்கிலாந்தில் சீரமைத்து, 2018இல் பறக்கவைத்தே கொண்டுவந்தார்கள். வி.பி. 905 என்ற அதன் எண், 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் நினைவாக இடப்பட்டது.

கூடவே ஹார்வர்ட் பயிற்சி விமானமும் வந்தது. சுழலியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் எழும் அதன் உறுமல் தனி ரகம்.

அன்று கடும் வெயிலில் மெரினாவுக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதைச் சொல்லாமல் அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இனி இப்படியொரு காட்சிக்குப் போகிறவர்கள் குடை, தொப்பி, நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். முதியவர்களை நிழலில் உட்காரவையுங்கள்.