இயங்கு சித்திரக் கலைச்சொற்களும் உழைப்புப் பிரிவினையும்

கலைச்சொற்கள் நடுநிலையானவை என்னும் எண்ணம் நமது திறனாய்வாளரிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. கூட்டு உற்பத்தியாக அமையும் கலைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் மயக்கந் தருவது. கையால் வரையப்பட்ட இயங்கு சித்திரங்களின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை, அவை வழங்கிய ஐக்கிய அமெரிக்க உற்பத்திச் சூழலில் வைத்து இங்கு நோக்குவோம்.

வின்சர் மக்கே 1914இல் வெளியிட்ட 'ஜேர்ட்டி' படத்தில், டைனோசரோடு அசையாத பின்னணியும் ஒவ்வொரு தாளிலும் மீள வரையப்பட்டது. ஆயிரக்கணக்கான தாள்களில் அப்பின்னணியைப் பிரதிசெய்தவர் ஓர் உதவியாளர். அதே ஆண்டில் ஏர்ல் ஹேர்ட் காப்புரிமை கோரிய 'செல்' முறை இந்நிலையை மாற்றிற்று. ஒளிபுகும் செலுலோயிட் தகட்டில் அசையும் உருவம் மட்டும் தீட்டப்பட்டு, ஒரே பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம்பிடிக்கப்பட்டது. உழைப்பு மிச்சமாயிற்று என்பது உண்மையே. மிச்சமானது எவருக்குச் சேர்ந்தது என்பதே வினா. ஹேர்டும் ஜே. ஆர். பிறேயும் கூட்டுச்சேர்ந்து, காப்புரிமை 1932இல் காலாவதியாகும்வரை ஏனைய நிறுவனங்களிடமிருந்து உரிமக் கட்டணம் பெற்றனர்.

அசைவின் முக்கிய நிலைகளை வரைவது 'கீ' வரைவு. அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை நிரப்புவது 'இன்பிட்வீன்' எனப்படும் இடைவரைவு. திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு வரைவை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், ஓர் உருவம் ஒரு நிமிடம் அசைய 720 வரைவுகள் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை இடைவரைவாளரின் கைவேலை. ஆயினும் அசைவின் 'உயிர்' பற்றி வியந்தெழுதுவோர் முதன்மை வரைஞரையே, சிலவேளை நிறுவன அதிபரையே, படைப்பாளியாகக் காண்கின்றனர். இடையில் நிற்பவன் என்ற பெயரே அவனை மறைத்துவிடுகின்றது.

'இங்க் அன்ட் பெயின்ற்' பகுதி இன்னும் தெளிவான சான்று. வரைவுகளைச் செல் தகட்டிற் கோடிட்டு, மறுபுறம் வண்ணந் தீட்டிய இப்பகுதியினர் பெரும்பாலும் பெண்கள். 'ஸ்னோ வைற்' (1937) படத்தின் பெயர்ப்பட்டியலில் இவர்கள் இடம்பெறவில்லை. வேலை கோரிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் 1938இல் அனுப்பிய மறுப்புக் கடிதம், படைப்பு வேலை முழுவதும் இளைஞர்களால் மட்டுமே செய்யப்படுவதாகக் கூறுகின்றது. 'படைப்பு' என்ற சொல்லுக்கு இங்கு அழகியல் பொருள் ஏதுமில்லை. அது ஒரு சம்பளப் படிநிலையின் பெயர்.

1941 மே மாத இறுதியில் டிஸ்னி ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதன்மை வரைஞரான ஆர்ட் பபிற் தொழிற்சங்க ஈடுபாட்டால் நீக்கப்பட்டமை உடனடிக் காரணம். அவ்வாண்டே வெளிவந்த 'டம்போ'வில், சர்க்கஸ் கோமாளிகள் குடித்துக் களித்தபின் முதலாளியிடம் ஊதிய உயர்வு கேட்கப் புறப்படுகின்றனர். கூடாரத்துணியில் விழும் நிழலுருக்களாகவே அவர்களைக் காண்கிறோம். வேலைநிறுத்தக்காரர் மீதான நையாண்டியாக இக்காட்சி வாசிக்கப்பட்டுள்ளது. நாமும் அவ்வாறே வாசிக்கிறோம். முகமற்றோராக அவர்களைக் காட்டிய உத்தி தற்செயலானதெனக் கொள்வது கடினம்.

ஆயினும் உத்தியை வர்க்க நலனின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொள்ளும் கொச்சை வாய்பாடு இங்கு உதவாது. வேலைநிறுத்தத்தின்பின் டிஸ்னியை விட்டு நீங்கிய சிலர் பங்குகொண்ட யூ.பி.ஏ. நிறுவனம், குறைந்த வரைவுகளைக் கொண்ட 'மட்டுப்படுத்தப்பட்ட அசைவு' முறையைக் கையாண்டது. 'ஜெரால்ட் மக்போயிங் போயிங்' (1950) படத்தில் அம்முறை தட்டையான வண்ணப்பரப்போடு இணைந்து, டிஸ்னியின் இயற்பண்புவாதத்தை மறுக்கும் அழகியலாயிற்று. அதே முறை 1960 அளவில் ஹனா–பார்பெரா நிறுவனத்தாரின் தொலைக்காட்சித் தொடர்களிற் செலவுச் சிக்கனமாகச் சுருங்கிற்று. உத்தி ஒன்றே, அதைப் பணிகொண்ட உறவுகள் வேறு.

இவ்வகையில் 'செரோகிராபி' பற்றியும் ஒரு சொல். '101 டல்மேஷியன்ஸ்' (1961) படத்தில் வரைஞரின் பென்சிற் கோடுகள் இயந்திரத்தால் நேரே செல் தகட்டிற் பிரதிசெய்யப்பட்டன. படத்தின் சொரசொரப்பான கோடு புதிய பாணியாகப் பாராட்டப்பட்டது. அப்பாராட்டில் நியாயமும் உண்டு. கையால் மைக்கோடிட்ட பெண்களின் வேலை அக்கோட்டுடனேயே அருகிற்று. பாணி பற்றிய கட்டுரைகளில் அவர்களைப் பற்றிய குறிப்பு அரிது.