ஆடலிசையில் சொல்லிசைஞரின் பெயர்: அறிவின் கலைப்பயணத்தை முன்வைத்து

தமிழ்ச் சொல்லிசை (ராப்) பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் சொல்லையே ஆராய்கின்றன. அச்சொல்லுக்கு ஆடும் உடலை அவை கருத்தில் கொள்வதில்லை. எதிர்ப்புக் குரல் ஆடலரங்கிற்குள் நுழைந்ததும் நீர்த்துப்போகிறது என்னும் முடிவு கருத்தரங்குகளில் ஏறத்தாழ வாய்பாடாகவே சொல்லப்படுகிறது. பாடலாசிரியரும் சொல்லிசைஞருமான அறிவின் கலைப்பயணத்தை நோக்கும்போது இம்முடிவு பொருந்துவதாகத் தோன்றவில்லை.

சொல்லிசை பிறந்ததே ஆடலுக்காகத்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நிகழ்ந்த விருந்தொன்றில், டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளின் தாளப்பகுதியை நீட்டி ஒலிக்கச் செய்தார். ஆடுவோரை ஊக்குவிக்க ஒலிவாங்கியில் சொல்லப்பட்ட சிறு தொடர்களே பின்னர் தனிக்கலையாக வளர்ந்தன. தமிழுக்கு இக்கலை திரைப்படத்தின் ஆடற்பாடல் வழியே வந்தது. ‘ஜென்டில்மேன்’ (1993) படத்தின் ‘சிக்கு புக்கு ரயிலே’, ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ ஆகிய இரண்டிலும் ஒலித்தது சுரேஷ் பீட்டர்ஸின் குரல். முதற்பாடலின் சொல் வாலியுடையது; இரண்டாவதன் சொல் இயக்குநர் ஷங்கருடையது; இரண்டிலும் உடல் பிரபுதேவாவினுடையது. குரல் மட்டுமே சொல்லிசைஞருக்குரியது. ரசிகர் நினைவில் அப்பாடல்கள் பிரபுதேவாவின் பாடல்களாகவே நிலைத்தன. சுரேஷ் பீட்டர்ஸ் பின்னர் ‘பஞ்சாபி ஹவுஸ்’ (1998) போன்ற மலையாளப் படங்களுக்கு இசையமைப்பாளரானார். தமிழ்ச் சொல்லிசையின் முன்னோடியாக அவரை மதிப்பிடும் விரிவான கட்டுரை நம்மிடையே இல்லாதது வியப்பளிக்கிறது.

அறிவு இந்த அமைப்பை உடைத்து வந்தவர். அரக்கோணத்தைச் சேர்ந்த இவர், 2018இல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழியாகவும், 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பின் வழியாகவும் அறியப்பட்டார். சொல், குரல், உடல் மூன்றும் ஒருவரிடமே அமைந்தன. 2021 மார்ச்சில் ‘மாஜா’ தளத்தில் ‘என்ஜாயி எஞ்சாமி’ வெளிவந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை உருவாக்கம் செய்திருந்தார்.

இப்பாடலின் தலைப்பே ஆய்வுக்குரியது. ‘என் சாமி’ என்பது நிலமற்ற உழைப்பாளி நிலவுடைமையாளரை விளிக்கும் சொல். பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. பணிவும் பாசமும் ஒரே விளிக்குள் அடங்கியிருக்க, ஓசை ஒப்புமையால் ஆங்கிலத்தின் ‘என்ஜாய்’ அதன் அருகே வந்து அமர்கிறது. ஆடலின் களிப்பு வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று. விளியின் ஓசைக்குள்ளிருந்தே எழுகிறது. பாடலின் உள்ளீடோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் வாழ்வு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்பெயர்ச்சியின் எச்சமாகவே, தோட்டம் தழைத்தும் தன் தொண்டை நனையாத ஒருவரின் புலம்பல் பாடலில் இடம்பெறுகிறது. அவ்விடத்தில் சொல்லிசையின் விரைவு நின்று ஒப்பாரியின் இழுப்பு வருகிறது. ஆடிக்கொண்டிருந்த கேட்போர் இப்போது என்ன செய்வது? நம் சாவு வீட்டுப் பறையிசை இக்கேள்விக்கு முன்பே விடையளித்துள்ளது. அழுகையும் ஆட்டமும் அங்கு ஒரே தெருவில், ஒரே பொழுதில் நிகழ்கின்றன. ஆடல் துயரத்தை நீர்க்கச் செய்யும் என்பது பறையை அறியாதோர் கொள்ளும் அச்சம் எனலாம்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அதே ஆண்டு பாரிஸைச் சேர்ந்த டி.ஜே. ஸ்னேக் இப்பாடலை மின்னணு ஆடலிசையாக மறுஆக்கம் செய்தார். ஆடலிசைத் துறையில் பாடல் தொகுப்பாளரின் பெயரால் பயணிப்பது வழக்கம். சொல் தந்தவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு இடம்பெறாததை இயக்குநர் பா. ரஞ்சித் பொதுவெளியில் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அறிவு இன்றியே இப்பாடல் ஒலித்தது. பாடலில் தம் உழைப்பின் அளவு குறித்து அறிவு அறிக்கை வெளியிட, சந்தோஷ் நாராயணன் கூட்டுப் படைப்பு என்னும் விளக்கத்தை முன்வைத்தார். யார் எவ்வளவு என்னும் வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆடலிசை அழித்தது பொருளை அன்று, பெயரை என்பதே இங்குக் கருதத்தக்கது.

புதுச்சேரியில் வார இறுதி இரவொன்றில், பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகைகளுக்கு நடுவே, விடுதி ஒன்றின் மாடியிலிருந்து இப்பாடல் ஒலிக்கக் கேட்டேன். அறிவிப்பாளர் பாரிஸ் தொகுப்பாளரின் பெயரை மட்டும் உரக்கச் சொன்னார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பணியிலிருந்த முதியவரோ ஒப்பாரிப் பகுதியைத் தாமே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெயர் ஒரு தளத்திலும் பொருள் மற்றொரு தளத்திலும் நின்ற காட்சி அது.

அறிவு இதற்கு அளித்த மறுமொழி ஆடலிசையைத் துறப்பதாக அமையவில்லை. 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. ‘என்ஜாயி எஞ்சாமி’க்குள் அவர் தம்மைச் சுட்டிக்கொண்ட உறவுப்பெயரே இங்குத் தலைப்பாகிறது. இத்தொகுப்பை ஆடலரங்கில் ஒலிக்கச் செய்யும் எவரும், பாட்டியின் பெயரைச் சொல்லாமல் அதை அறிவிக்க இயலாது.