அட்டைப்பெட்டியில் எழுதாதது: ஒரு சிறிய பவளத் தொட்டி விளக்கைப் பற்றிய விமர்சனம்

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு விளக்கின் அட்டைப்பெட்டிக்கு ஏன் எழுதக்கூடாது? அதையும் நம்பித்தான் காசு கொடுக்கிறோம். என் விஷயத்தில், காசு போனதோடு சில உயிர்களும் போயின.

விருதுநகரில் என் வீட்டு முன்னறையில் 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கல்லும் மணலும் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர். அதில் பில்லோடு வாங்கிய, இறக்குமதியான காளான் பவளங்கள் சிலவும் ஒரு ஜோவாந்திட் கூட்டமும். இவை மேல் தொங்கவிட எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கினேன். கறுப்புப் பெட்டி, உள்ளே 55 பல்பு, மேலே இரண்டு ஃபேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி விளக்கு பத்துப் பெயரில் விற்கிறது, அட்டையில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே இந்த விமர்சனம் ஒரு கம்பெனியைப் பற்றியது அல்ல, அந்த மொழியைப் பற்றியது.

வாட்

அட்டையில் 165 வாட். எப்படி வந்தது? 55 பல்பு, ஒவ்வொன்றும் '3 வாட்' ரகம், பெருக்கினால் 165. ஆனால் 3 வாட் என்பது அந்தப் பல்பு தாங்கக்கூடிய அளவு. உள்ளே இருக்கும் டிரைவர் எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது என்பதுதான் நிஜக் கணக்கு. என் வாட் மீட்டரில் செருகிப் பார்த்தால் முழு வெளிச்சத்தில் 108. பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. நூறு பேர் உட்காரக்கூடிய மண்டபத்தில் நூறு பேர் வந்துவிட்டதாகக் கணக்குச் சொல்வது போல.

'லிட்டருக்கு ஒரு வாட்' என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது ட்யூப் லைட் காலத்துக் கணக்கு. அப்போது எல்லா ட்யூபும் கிட்டத்தட்ட ஒரே திறன், ஒரே மாதிரி பரவும் வெளிச்சம். இப்போது அதே வாட்டை 60 டிகிரி லென்ஸ் போட்டு ஒரு கல்லின் மேல் குவிக்கலாம், 120 டிகிரியில் தொட்டி முழுக்கப் பரப்பலாம். வாட் மாறவில்லை, கல்லின் மேல் விழுவது பல மடங்கு மாறிவிடும்.

லூமன்

அடுத்தது லூமன். இது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் அதிகம் உறைக்கும். அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளி 683 லூமன். 450 நானோமீட்டர் நீலத்தில் அதே ஒரு வாட் ஒளி வெறும் 26 லூமன். கண்ணுக்கு இருபத்தாறு மடங்கு வித்தியாசம். ஆனால் ஒளித்துகள்களை எண்ணினால் பச்சையில் விநாடிக்கு 4.6 மைக்ரோமோல், நீலத்தில் 3.8. பெரிய வித்தியாசமே இல்லை.

பவளத்துக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிதான் இங்கே வாடிக்கையாளர். அது சமைத்துக் கொடுக்கும் சர்க்கரையில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. அந்தப் பாசிக்கு நீலம்தான் முக்கியம், ஏனென்றால் கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் ஆழத்துக்கு அனுப்புகிறது. ஆக, லூமன் கூட இருக்கிறது என்று விளக்கு வாங்கினால் நமக்காக வாங்குகிறோம், பவளத்துக்காக இல்லை. செல்போன் லக்ஸ் ஆப்பும் இதே கண்ணைத்தான் நகல் செய்கிறது. ஒரே விளக்கில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒப்பிட அது உதவும். இரண்டு விளக்குகளை ஒப்பிட உதவாது.

கெல்வின்

20,000 கெல்வின் என்ற எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்குப் பொருளே கிடையாது. சூடேறிய ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் என்ன நிறத்தில் ஒளிரும் என்பதே கெல்வின் கணக்கு. குண்டு பல்பு 2,700, நடுப்பகல் வெயில் 5,500 சுமார். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் நிறம் நீலத்தை நோக்கிப் போகும், ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் வெளிறிய நீலத்தோடு நின்றுவிடும். பாட்டில் மூடி மாதிரி அடர்ந்த ராயல் ப்ளூ எந்தச் சூட்டிலும் வராது. அந்த நிறத்துக்குக் கெல்வினே இல்லை.

நீலத்தை எரித்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்ட்ரான்சியம் போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை. நீலத்துக்குத் தாமிரம் வேண்டும், கூடவே குளோரின் வேண்டும், சூடு ஒரு அளவுக்கு மேல் போனால் நிறம் கொடுக்கும் தாமிரக் குளோரைடு உடைந்து வெளுத்துவிடும். சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது. சிவகாசி வாணத்தில் நல்ல நீலம் வந்தால் அது கைப்பக்குவம்.

எல்.இ.டி.யிலும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பும் உள்ளுக்குள் நீலம்தான்; மேலே மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். இந்த நீலம் கிடைத்ததால்தான் மேஜை மேல் பவளம் வளர்ப்பது இவ்வளவு எளிதானது. அதற்கான நன்றி எனக்கு உண்டு. கோபம் எல்லாம் அட்டையின் மேல்தான்.

யாருக்கான வெளிச்சம்?

பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்க பி.ஏ.ஆர். என்றொரு அளவு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது கணக்கு. உச்சி வெயில் ஏறக்குறைய 2,000. தொட்டி வளர்ப்பவர்கள் காளான் பவளத்துக்கு 30 முதல் 80 வரை, ஜோவாந்திட்டுக்கு நூறை ஒட்டி, கொம்பு கொம்பாக வளரும் அக்ரோபோரா போன்ற கல் பவளத்துக்கு 200 முதல் 350 வரை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் நல்ல வழிகாட்டிகள் பி.ஏ.ஆர். வரைபடம் போட்டே பேசுகின்றன, அது பாராட்டவேண்டிய விஷயம். ஆனால் அவற்றின் இலக்கு எப்போதும் அந்தக் கடைசி எண். விளக்கை மதிப்பிடுவதே 'அக்ரோபோரா வளர்க்குமா?' என்ற கேள்வியை வைத்துத்தான். நம் ஊரில் அந்தக் கேள்வியே தப்பு. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறியும் அப்படியே. புலிக்குக் கொடுத்திருக்கும் அதே அட்டவணை. தூத்துக்குடியில் யாரோ ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து கொடுத்தால் அது பரிசு இல்லை, வழக்கு.

இந்தச் சட்டம் சும்மா வந்ததும் இல்லை. மன்னார் வளைகுடாப் பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுக்கும் பாறையை எடுத்துவிட்டால் தீவு எப்படி நிற்கும்?

ஆக, சட்டப்படி என்னால் வளர்க்க முடிந்தது குறைந்த வெளிச்சம் கேட்கிற உயிர்கள். கையில் இருந்ததோ 60 செ.மீ. ஆழத் தொட்டியில் அக்ரோபோராவுக்குச் செய்த விளக்கு. சென்னை நண்பர் ஒருவரிடம் பிறகு மீட்டர் கடன் வாங்கி அளந்தேன். முழு வெளிச்சத்தில் நடுக்கல்லில் 380, மூலையில் 70. வாங்கிய அன்றைக்கே இந்த மீட்டர் இருந்திருக்க வேண்டும்.

மே மாதம்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வந்தது ஒரு மே மாதம். வந்த அன்றே முழு வெளிச்சம். ஐந்தாம் நாள் காளான் பவளங்கள் சுருங்கி, நிறம் வெளிறின. தெரிந்த ஒருவரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். 'கலர் போகுதுன்னா லைட் பத்தலன்னு அர்த்தம், நேரத்தக் கூட்டுங்க' என்றார். கூட்டினேன். எட்டு மணி நேரம் பத்தானது. இரண்டே வாரத்தில் ஆறில் நான்கு கரைந்துபோயின. அப்போது தண்ணீர் 31.5 டிகிரி. தெர்மாமீட்டர் கண்முன்னே இருந்தது. நான்தான் அதை விளக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் பெருமளவு வெளுத்தது. எல்லாருக்கும் தெரிந்த காரணம் சூடு. ஆனால் சூடு தனியாக வேலை செய்வதில்லை. வெப்பம் ஏறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதாகிறது. பழுதை நீக்கும் வேகமும் குறைகிறது. அப்போதும் மேலிருந்து வெளிச்சம் கொட்டிக்கொண்டே இருந்தால், பயன்படுத்த முடியாத அந்த ஆற்றல் செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களாக மாறுகிறது. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் மேகமூட்டமும் நிழலும் வெளுப்பைக் குறைக்கின்றன. கடலில் நடந்ததையே நான் முன்னறையில் சின்னதாக நடத்திக் காட்டியிருக்கிறேன்.

அட்டையில் இருக்கவேண்டிய வாக்கியம் இதுதான்: தண்ணீர் சூடாக இருக்கும்போது வெளிச்சத்தைக் குறை. எங்குமே இல்லை. குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் ஹீட்டர் பற்றித்தான் ஒரு பக்கம் இருக்கும்.

'எல்.இ.டி. சூடாகாது'

இது இன்னொரு அரை உண்மை. பழைய மெட்டல் ஹாலைடோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் 108 வாட்டில் ஒளியாக வருவது 40 வாட் என்று வைத்தால், தண்ணீருக்குள் விழும் அந்த ஒளியும் கடைசியில் சூடுதான். எட்டு மணி நேரத்தில் 0.32 யூனிட். வெளியேற வழியே இல்லையென்றால் 50 லிட்டரை 5 டிகிரிக்கு மேல் ஏற்ற அது போதும்.

வழி இருக்கிறது, நம் ஊரில் தாராளமாகவே இருக்கிறது: வறண்ட காற்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேல் காற்றுப்படும்படி ஒரு சின்ன டேபிள் ஃபேன் வைத்தால் விளக்கின் சூட்டை அரை லிட்டர் ஆவியிலேயே கழித்துவிடலாம். மண்பானைத் தத்துவம்தான். ஒரே நிபந்தனை: போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். தினமும் ஆர்.ஓ. தண்ணீரால் அளவை நிரப்ப வேண்டும். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் உப்போடு உப்பு சேரும்.

மாட்டுவது

மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீசியன் தம்பி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. 'அண்ணாச்சி, லைட்ட இன்வெர்ட்டர்ல குடுத்துரவா? கரண்ட் போனா இருட்டாயிரும்ல?' நானும் சரி என்றிருப்பேன். நல்லவேளை, பம்ப்புக்கு இன்னொரு இணைப்பு இல்லை என்று தெரிந்து யோசித்தோம். பவளம் இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். கடலில் கலங்கல் காலத்தில் அதுதான் நடக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்று ஆக்சிஜன் குறைந்தால், அதுவும் சூடான தண்ணீரில், சில மணி நேரத்தில் மீன் மூச்சுத் திணறும். இன்வெர்ட்டர் பம்ப்புக்கு, விளக்குக்கு இல்லை.

மற்றபடி சுருக்கமாக: விளக்கைத் தாங்கும் கொக்கி கூரையில் இருக்கட்டும், தொட்டிக் கண்ணாடியில் வேண்டாம். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். விளக்கின் ஃபேனில் உப்புப் படியும். மாதம் ஒரு தடவை துடைக்காவிட்டால் முதலில் சாவது அதுதான், பிறகு பல்புகள்.

நேரத்தையும் மாற்றிவிட்டேன். பகல் எது என்று பவளத்துக்குச் சொல்வது விளக்குதான், சூரியன் இல்லை. அறை கொதிக்கும் பிற்பகலைத் தவிர்த்து, காலை 5 முதல் 12 வரை எரிகிறது. நான் பார்த்து ரசிக்க இரவு ஒரு மணி நேரம் மங்கலான நீலம்.

தீர்ப்பு

விளக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். மங்கலாக்க முடிகிறது, நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடிகிறது, இப்போது 35 சதவீதத்தில் 40 வாட்டுக்குள்தான் இழுக்கிறது. என் தொட்டிக்கு அது பெரிது, அவ்வளவுதான். மறுபடி வாங்கினால் இதில் பாதிகூட வேண்டாம். 450 நானோமீட்டர் என்று அலைநீளத்தை எழுதியிருக்கும், லென்ஸ் கோணம் சொல்லியிருக்கும், எந்த உயரத்தில் எத்தனை பி.ஏ.ஆர். என்று படம் போட்டிருக்கும் ஒரு சின்ன விளக்கு போதும். இந்த மூன்றும் இல்லாத அட்டையில் வேறு எத்தனை பெரிய எண் இருந்தாலும் அது அலங்காரம்.

மிஞ்சிய இரண்டு காளான்களில் ஒன்று இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நிறம் திரும்ப ஐந்து மாதம் ஆனது. ஏப்ரல் பிறந்ததும் விளக்கை 25-க்கு இறக்க வேண்டும் என்று காலண்டரில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.