பத்தடியா, அறுபது அடியா?

‘கேமரா வாங்கலாம்னு இருக்கேன். எது சார் நல்ல கேமரா?’

மாசத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். ‘யாரை எடுக்கப் போறீங்க?’

‘எதை’ என்று கேட்டால் பட்டியலே வரும். கோபுரம், மழை, செம்பரம்பாக்கம் ஏரி, கொக்கு. ‘யாரை’ என்றால் ஒரு விநாடி விழிக்கிறார்கள். ஆனால், வாங்கின கொஞ்ச நாளில் ஆசையோடு கொண்டுவந்து காட்டுகிற படங்களைப் பாருங்கள். பொக்கை வாய்ப் பாட்டி. காய்த்துப்போன கை. மூக்கு ஒழுகும் குழந்தை. மீன்பாடி வண்டியிலேயே படுத்துத் தூங்கும் பெரியவர். எல்லாம் கறுப்பு வெள்ளையில். கீழே ‘காலத்தின் கோடுகள்’ என்று ஒரு தலைப்பு வேறு.

‘பாட்டி பேரென்ன தம்பி?’ என்றால் மட்டும் தெரியாது.

சென்னையில் நடக்கிற அமெச்சூர் படக் கண்காட்சி எதற்குப் போனாலும் இந்தப் பாட்டியைச் சந்திக்கிறேன். படம் பளிச்சென்று இருக்கும். பின்னணி பஞ்சு மாதிரி மங்கியிருக்கும். கண் இமை ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஆனால், பாட்டி நம்மைப் பார்க்க மாட்டார். எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். தன்னை ஒருவர் படம் எடுக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தப் படங்கள் மேல் எனக்குள்ள புகார் இதுதான். இந்தக் கோளாறு படம் எடுக்கும் நாளில் தொடங்குவதில்லை. கேமரா வாங்கப் போன நாளிலேயே, கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? எங்கள் மாங்காட்டுக்கு ஒரு செவ்வாயோ, வெள்ளியோ, ஞாயிறோ வாருங்கள். காமாட்சியம்மன் தீயின் நடுவே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த தலம். எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் தொடர்ந்து வந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. அதனால் சந்நிதித் தெருவில் எலுமிச்சையும் பூவுமாக வியாபாரம் களைகட்டியிருக்கும். ஒரு பூக்காரம்மா காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே கட்டிக்கொண்டிருப்பார். எதிர்ச் சாரியில், டீக்கடையை ஒட்டி, கழுத்தில் முழ நீள லென்ஸோடு ஒருவர் நிற்பார். அவர் பூ வாங்க வரவில்லை.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். இதையும் போட்டுப் பார்த்தேன். தொடக்க நிலை கேமராவோடு ‘இன்னும் கொஞ்சம் போட்டா இதையும் தர்றேன்’ என்று கடைக்காரர் கட்டிக்கொடுக்கிற இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் 250 மில்லிமீட்டர் வரை இழுக்கும். அதில் ஓர் ஆளின் முழு உருவம் அடங்க வேண்டுமானால் நீங்கள் அறுபது அடி தள்ளி நிற்க வேண்டும். சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டினால் அதே ஆளுக்கு எட்டு, பத்தடி போதும்.

அறுபது அடியில் இருப்பவரிடம் பேச முடியாது. கத்தத்தான் முடியும். பத்தடியில் நிற்பவரை அந்தம்மா பார்த்துவிடுவார். பார்த்தால் சிரிக்கலாம், முந்தானையால் முகத்தை மூடலாம், ‘வேற வேலை இல்லியா உனக்கு’ என்று திட்டலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பத்தடியில் அவருக்கு இருக்கிறது. அறுபது அடியில் இல்லை. ஆக, லென்ஸ் வாங்கும்போது நீங்கள் வாங்குவது வெறும் கண்ணாடியை மட்டும் என்று நினைக்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு எத்தனை அடி மரியாதை என்பதையும் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள்.

கடையில் இதை யாரும் சொல்வதில்லை. மெகாபிக்ஸல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு படத்தைத் தரமாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 72 லட்சம் புள்ளிகள் போதும். உங்கள் வீட்டு 4கே டி.வி. காட்டுவதே 83 லட்சம்தான். 2006-ல் வந்த நிக்கான் டி40-யில் 60 லட்சம் இருந்தது. அதில் எடுத்த கல்யாண ஆல்பங்கள் இன்னும் பல வீடுகளில் நன்றாகவே இருக்கின்றன. இன்றைக்குத் தொடக்க நிலை கேமராவிலேயே 2 கோடிக்கு மேல். அந்தப் பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கணக்கு, தேய்மானம். கேமரா உடல் வருஷா வருஷம் மதிப்பு இறங்கும். லென்ஸ் நின்று விளையாடும். 2018-ல் நிக்கானும் கேனானும் கண்ணாடி இல்லாத புது வகைக்குத் தாவினதிலிருந்து பழைய டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது. ஹாபிக்கு அது தாராளம். வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சீக்கிரம் பிடிக்கும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லதாகக் கிடைத்தால், காற்றுப் புகாத டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

‘போனே போதாதா?’ என்பீர்கள். வெளிச்சத்தில் தாராளமாகப் போதும். உலகம் முழுக்க 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமரா அனுப்பினார்கள். 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. எல்லாவற்றையும் போன் தின்றுவிட்டது. போன் லென்ஸ் அகலமானது என்பதால் ஐந்தடிக்குள் போக வேண்டியிருக்கும். அது நல்லதுதான். ஆனால் போனில் வேறொரு திருட்டுத்தனம் இருக்கிறது. வாட்ஸ்அப் பார்க்கிற பாவனையில் எடுத்துவிடலாம். கேமராவைத் தூக்கினால் குறைந்தபட்சம் ஊருக்குத் தெரியும்.

சரி, கிட்டே போய்விட்டால் புண்ணியம் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. சித்திரையில் கூவாகம் போய்ப் பாருங்கள். கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, அழுகிறார்கள். அழுகிற முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸ். ஒன்றல்ல, ஒரு கூட்டமே. பத்தடி என்று நான் சொன்னது கேட்பதற்கான தூரம். கேட்காமல் முகத்தில் இடிக்கிறவருக்கு அறுபது அடிக்காரரே தேவலை.

உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று. 1984-ல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில், பச்சைக் கண் கொண்ட ஒரு பெண் குழந்தையை ஸ்டீவ் மெக்கரி எடுத்தார். 1985 ஜூனில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த படம். உங்களுக்கும் நினைவிருக்கும். 105 மில்லிமீட்டர் லென்ஸ். எடுத்தது என்னவோ கிட்டே இருந்துதான். ஆனால் பேர் கேட்கவில்லை. ஷர்பத் குலா என்ற அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிய 2002 ஆனது. தன் படத்தை அவர் பார்த்ததும் அப்போதுதான். 2016-ல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் அவரைக் கைது செய்தபோது, அந்தப் பழைய முகத்தைப் போட்டுத்தான் செய்தி வந்தது. அந்தப் படத்தால் தனக்கு நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்று பின்னால் அவரே சொன்னார்.

பிரமாதமான படம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறதே!

‘கார்த்தியே பிரஸ்ஸோன் மட்டும் கேட்டா எடுத்தார்?’ என்று படித்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்த மனிதர். லைக்கா பளபளப்பது தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு அலைந்தவர். கேட்டு எடுக்கிற ஜாதி இல்லை. ஆனால் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது 50 மில்லிமீட்டர். எதிராளிக்குத் திரும்பிப் பார்க்கிற வாய்ப்பு எப்போதும் இருந்தது. அதோடு, அவரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தெருவில் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் ஏதும் நம் நாட்டில் இல்லை. விலக்குகள் உண்டு. இங்கிருந்து ஆவடி பக்கம்தான். அங்கே டாங்கி செய்கிற தொழிற்சாலை மதிலை ‘அழகா இருக்கே’ என்று எடுத்தால், 1923-ம் வருட அலுவல் ரகசியச் சட்டம் எழுந்து வரும். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெண்களை அந்தரங்கமான நிலையில் எடுப்பது குற்றம், ஜெயில்.

இதைவிட முக்கியமான தீர்ப்பு ஒன்று நம் ஊர்ப் பத்திரிகை வழக்கிலிருந்தே வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடும் விவகாரத்தில், 1994-ல், தன்பாட்டுக்கு விடப்படுவது ஒரு மனிதரின் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரது பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் பயன்படுத்துவதை அந்த உரிமைக்கான மீறலாகவும் எடுத்துக்காட்டியது. விளம்பரத்துக்கு மட்டுமல்ல, மற்றவற்றுக்கும். பூக்காரம்மா கோர்ட்டுக்குப் போக மாட்டார் என்ற தைரியத்தில்தானே நாம் எடுக்கிறோம்? எதிர் வரிசையில் காரில் வந்து இறங்குகிற அம்மாளை அப்படி எடுப்போமா? மாட்டோம். அவர் கேட்பார். அவர் வீட்டுக்காரர் கேட்பார். டிரைவர் கேட்பார். ஏழை முகத்தைக் ‘கலை’ என்கிறோம், பணக்கார முகத்தைப் ‘பிரைவஸி’ என்கிறோம்.

ஜூமே கூடாது என்று நான் சொல்லவில்லை. செம்பரம்பாக்கத்துக் கொக்குக்கு அறுபது அடி நல்லது, அதற்கும் உங்களுக்கும். லத்தியை ஓங்குகிற போலீஸை எடுக்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே தூரம் உங்கள் பாதுகாப்பு. பலம் உள்ளவரைத் தூரத்திலிருந்து எடுங்கள். பலம் இல்லாதவரிடம் கிட்டே போய்க் கேளுங்கள்.

‘கேட்டா இயல்பு போயிடுமே சார்?’ போகும். பத்து நிமிஷம். ஒரு முழம் வாங்கிக்கொண்டு, ‘எந்த ஊரும்மா’ என்று பேசிக்கொண்டிருங்கள். நாலு கிராக்கி வந்து பேரம் பேசியதும் உங்களை மறந்தே போய்விடுவார். அப்போது கிடைக்கிற முகம் இருக்கிறதே, அறுபது அடியில் கிடைக்கவே கிடைக்காது. சந்தேகமிருந்தால் ம.பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். மதுரை மீன்காரம்மாவின் பிள்ளை. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘பாரி’ இணைய இதழுக்காகத் துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் தொடர்ந்து எடுக்கிறவர். 2022-ல் தயாநிதா சிங் - பாரி விருதின் முதல் விருது இவருக்குத்தான். தன் அம்மா மீன் விற்பதையே எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது. பாதிப் படங்களில் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். நமக்குத்தான் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

கார்த்தியே பிரஸ்ஸோனிடம் இல்லாதது என்று ஒன்று சொன்னேனே... கேமராவின் பின்பக்கத் திரை. டிஜிட்டலின் நிஜமான லாபம் அதுதான். ஃபிலிமில் எடுத்ததை அங்கேயே காட்ட முடியாது. நம்மால் முடியும். திருப்பிக் காட்டுங்கள். ‘ஐயே, அழிச்சிடு’ என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழியுங்கள். ‘நல்லா இருக்கே’ என்றால் பேரைக் கேளுங்கள். அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்து இருபது ரூபாய்தான் ஆகும். லென்ஸ் விலையில் அது எத்தனை பைசா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முதல் வருடம் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது, ‘பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை.’ படம் எடுக்கிறவர் பெறுபவர். முகம் கொடுத்தவர் பூக்காரம்மா. லைக்கும் பரிசும் கைதட்டலும் இதுவரை யார் பேரில் வரவாகியிருக்கின்றன என்று உங்கள் ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

அதற்கப்புறம் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.