‘தற்போது: இண்டஸ்ட்ரி’

ஒரு வேதியியல் ஆய்வுக்குழு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது, அங்கிருந்து வெளியே போனவர்களின் பட்டியலைத்தான். ஏறக்குறைய எல்லாப் பேராசிரியர்களும் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயர், சேர்ந்த வருஷம், கிளம்பிய வருஷம், கடைசியில் ‘தற்போது’ என்று ஒரு கட்டம். சில வருஷமாக இவற்றை ஒரு தனி எழுத்து வகை மாதிரி வாசித்து வருகிறேன். சிரிக்காதீங்க. சிறுகதைக்கு விமர்சனம் இருக்கும்போது இதற்கும் இருக்கலாம். ஒரு இளைஞன் ஐந்தாறு வருஷத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்வதே பல நேரம் இதைப் பார்த்துத்தான்.

இந்த வகைக்குச் சில மாறாத வழக்கங்கள் உண்டு. போனவர் ஐஐடியிலோ ஐசரிலோ பேராசிரியர் ஆகியிருந்தால் ‘தற்போது’ கட்டம் நிரம்பி வழியும்: துறை, ஊர், கிடைத்த விருது எல்லாம் வரும். வெளிநாட்டில் போஸ்ட்டாக் என்றால் அங்குள்ள பேராசிரியரின் பெயர் கண்டிப்பாக இருக்கும், சில நேரம் மாணவர் பெயரைவிடத் தடித்த எழுத்தில். கலைக் கல்லூரியில் ஆசிரியர் என்றால் கல்லூரியின் பெயரோடு சரி. கம்பெனிக்குப் போயிருந்தால் ஒரே சொல்: இண்டஸ்ட்ரி. பாதியில் விட்டவர் பெயரே இருக்காது. அவர் போட்ட வினை மட்டும் யாரோ ஒருவரின் கட்டுரையில் வேலை செய்துகொண்டிருக்கும்.

நான் இருப்பது காவேரிப்பட்டினத்தில். இங்கே எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிப்பவர்களுக்கு வழி பெரும்பாலும் வடக்கே, நெடுஞ்சாலை போகிற திசையிலேயே போகும். கிருஷ்ணகிரி, ஓசூர், எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஒதுங்கினால் ஜிகணி. மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகளும் ஒப்பந்த ஆய்வுக் கம்பெனிகளும் அந்தப் பக்கம்தான். பயோகான் 1993இல் தொடங்கிய சின்ஜீன் இருப்பது பொம்மசந்திராவில். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகாலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய் ஃப்யூம் ஹூட் முன்னால் நிற்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். நானும் அதற்குள் இருப்பவன்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஒரு பட்டியலைப் போனில் காட்டிக் கேட்டாள். “அண்ணா, இந்த லேப்ல சேரலாமான்னு பாக்கறேன். போனவங்கள்ல ஒன்பது பேருக்கு இண்டஸ்ட்ரின்னு போட்டிருக்காங்க. எந்த இண்டஸ்ட்ரிண்ணா? பெயிண்டா, மருந்தா, இல்ல நம்ம மாங்கூழ் ஃபேக்டரியில க்யூசியா?” நல்ல கேள்வி. பட்டியலை எழுதிய பேராசிரியருக்கு இது தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அவர் பார்வையில் ‘இண்டஸ்ட்ரி’ என்பது ஒரு இடமே கிடையாது. தன் வட்டத்தை விட்டுப் போய்விட்டார் என்பதற்கான குறி, அவ்வளவுதான்.

இது வேதியியலின் சொந்தப் பழக்கமா என்றால், நம்ம ஊர் வரலாறே இல்லை என்கிறது. தமிழ்நாட்டில் இதுவரை அமைந்த வேதியியல் குழுக்களில் மிக முக்கியமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

டி. ஆர். கோவிந்தாச்சாரி 1915இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பி. பி. டேயிடம் ஆய்வு செய்தார். அமெரிக்காவில் இல்லினாய் போய் ரோஜர் ஆடம்ஸிடம் செனிசியோ செடிகளின் ஆல்கலாய்டுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பி, அதே மாநிலக் கல்லூரியில் ஒரு குழுவைக் கட்டினார். தாவரங்களிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிப்பது அந்தக் குழுவின் தொழில். நஞ்சறுப்பான் கொடியின் டைலோஃபோரின் அவர்கள் கை பட்டது. 1960இல் அவருக்கு பட்நாகர் பரிசு கிடைத்தது. கல்லூரியின் முதல்வராகவும் ஆனார்.

இப்படிப்பட்ட ஒருவர் 1963இல் என்ன செய்தார்? மெட்ராஸை விட்டுக் கிளம்பி, பம்பாய் கோரேகாவில் சிபா என்ற சுவிஸ் மருந்துக் கம்பெனி திறந்த ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவராகப் போய்விட்டார். அவரிடம் படித்தவர்களில் சிலரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய பட்டியல் இலக்கணப்படி எழுதினால் அந்த வருஷம் மாநிலக் கல்லூரிக் குழுவின் தலைவருக்கும் மாணவர்களுக்கும் ஒரே வரிதான் வரும்: ‘தற்போது: இண்டஸ்ட்ரி’.

அந்த வரிக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். மனச்சோர்வுக்கான நைட்ராக்சஸெபைன் அங்கே உருவாகி, சின்டமில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமீபா நோய்க்கான சாட்ரானிடசோல் அங்கிருந்து வந்தது. குடற்புழுக்களுக்கு எதிரான அமோஸ்கனேட்டும் அங்கேதான். இந்தியாவில் கண்டுபிடித்து இந்தியாவிலேயே மருந்தான மூலக்கூறுகளை எண்ணினால் ரொம்ப நேரம் பிடிக்காது. அந்தச் சிறிய எண்ணிக்கையில் இந்த ஒரு மையத்தின் பங்கு பெரியது.

மருந்து மட்டுமில்லை, செடியையும் அவர்கள் விடவில்லை. 1966இல் அமெரிக்காவில் வாலும் வாணியும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தார்கள். 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா ஃபோட்டிடா மரத்தில் கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோபோடெகான், இரினோடெகான் இரண்டும் கேம்ப்டோதெசின் வழி வந்த மருந்துகள். அதன்பின் நம் மலை மரத்துக்கு உலகச் சந்தையில் கிராக்கி வந்தது. மரத்தை வெட்டித் தள்ளினார்கள். இன்று அது அருகிவரும் மரம். (வேதியியலாளர் வேலை எங்கே போய் முடியும் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?)

மாணவர்களின் பாதைகளும் ஒற்றைக் கோடாக இல்லை. கே. நாகராஜன் மெட்ராஸில் கோவிந்தாச்சாரியிடம் பிஎச்டி முடித்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்துவிட்டு, சிபாவில் சேர்ந்தார். பிறகு சர்ல், பிற்காலத்தில் பெங்களூரில் ஹைக்கல். அந்த ஹைக்கலின் ஆலைகளில் ஒன்று ஜிகணியில் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போகும் அதே பகுதி. எஸ். ராஜப்பா சிபாவிலிருந்து எதிர்த்திசையில் நடந்து புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அதாவது கம்பெனிக்குப் போனவர் திரும்பி வரவே முடியாது என்பதும் உண்மை இல்லை. கோவிந்தாச்சாரியே பிற்காலத்தில் சென்னைக்கு வந்து ஸ்பிக் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் வேப்பங்கொட்டையின் அசாடிராக்டின்களோடு உட்கார்ந்தார். கல்லூரி, சுவிஸ் கம்பெனி, உரக் கம்பெனி. எந்த வருஷத்தில் ‘தற்போது’ எழுதுகிறீர்களோ அதற்கேற்ப ஆள் மாறிவிடுவார்.

இங்கேதான் எனக்கு இந்தப் பட்டியல்கள் மீதும், அவற்றின் அண்ணனான ‘கல்வி வம்சாவளி’ வரைபடங்கள் மீதும் பெரிய குறை. யார் யாருக்கு மாணவர் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். கோவிந்தாச்சாரிக்கு மேலே டே. டேக்கு மேலே கல்கத்தாவின் பி. சி. ராய். சரி, ஆனால் ராயிடமிருந்து கீழே இறங்கியது என்ன? ராய் பெங்கால் கெமிக்கல்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர். வகுப்பறைக்கும் ஆலைக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று அவர் நினைக்கவே இல்லை. இன்னொரு பக்கம் ரோஜர் ஆடம்ஸ். அவரிடம் 1924இல் பிஎச்டி முடித்த வாலஸ் கரோதர்ஸ், ஹார்வர்டில் ஆசிரியராக இருந்துவிட்டு 1928இல் டூபான்ட் கம்பெனிக்குப் போனார், 1935இல் நைலான் செய்தார். ஆடம்ஸின் மாணவர்கள் கூட்டமாக அமெரிக்க ஆலைகளுக்குள் போனார்கள். அவர் அதைக் குறையாக நினைக்கவில்லை. இப்படி இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்த வம்சத்தில் வந்தவர் 1963இல் கம்பெனிக்குப் போனதில் ஆச்சரியம் எதற்கு? அம்புக்குறி பெயரைக் கடத்துகிறது, அந்தத் திறந்த கதவைக் கடத்துவதில்லை. இன்று அதே மரபில் தங்களைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் ‘இண்டஸ்ட்ரி’ என்று ஒரு சொல்லில் முடிப்பது அதனால்தான் எனக்கு வினோதமாகப் படுகிறது.

எல்லா ஆசிரியர்களும் ஆடம்ஸ் இல்லை என்பதும் உண்மை. லண்டனில் 1856இல், 18 வயதில், வில்லியம் பெர்கின் மாவ் சாயத்தைக் கண்டுபிடித்து ஆலை தொடங்கக் கிளம்பியபோது அவருடைய குரு ஹாஃப்மனுக்குப் பிடிக்கவில்லை. கட்டட வேலைக்காரர் ஒருவரின் மகன், அப்பாவின் பணத்தில் ஆலை வைத்து, 36 வயதில் அதை விற்றுவிட்டு மறுபடியும் ஆய்வுக்கே வந்தார். ஹாஃப்மன் 1857இல் ஒரு பட்டியல் போட்டிருந்தால் பெர்கின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பெர்கினின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நமக்குத் தெரிகிறது. கெகுலே கீசனுக்குக் கட்டடக் கலை படிக்கப் போய், லீபிக்கின் விரிவுரை கேட்டு வேதியியலுக்கு மாறினார் என்பதும் தெரிகிறது. ஜெயித்தவர்களுக்கு மட்டும் பின்னணி சொல்லப்படுகிறது, அதுவும் அலங்காரமாக. மற்றவர்களுக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்துதான் வாழ்க்கை ஆரம்பம்.

‘பின்னணி’ என்ற சொல்லைப் போட்டவுடன் நம்ம ஊரில் சிலர் நெளிவார்கள். சாதியைக் கேட்கிறாயா என்று. அந்தப் பயம் நியாயமானது, அதை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. பிஎஸ்சி எங்கே படித்தார்? தமிழ் மீடியமா? நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கினாரா, இல்லை உதவித்தொகை இல்லாமல் ஓட்டினாரா? ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது இருப்பவரின் ஐந்து வருஷமும் இல்லாதவரின் ஐந்து வருஷமும் ஒன்றில்லை. எம்எஸ்சிக்கும் பிஎச்டிக்கும் நடுவில் மூன்று வருஷம் ஆலையில் வேலை பார்த்தவரா? அப்படிப்பட்டவர் குழுவுக்குள் கொண்டு வருவது என்ன தெரியுமா? ஐம்பது மில்லி குடுவையில் அழகாக நடக்கும் வினை ஐநூறு லிட்டர் ரியாக்டரில் ஏன் கொதித்துப் பொங்கும் என்ற அறிவு. கட்டுரையில் அது ஒரு வரியாகக்கூட வராது, ஆனால் பக்கத்து பெஞ்சில் நிற்பவன் கற்றுக்கொள்வான். இதெல்லாம் அவரவர் சம்மதத்தோடு எழுத வேண்டியவை. சொல்ல விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டாம். இப்போது யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் என் புகார்.

கம்பெனிப் பக்கத்திலும் குற்றம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒப்பந்த ஆய்வில் வாடிக்கையாளர் ஒரு அமைப்பு வரைந்து அனுப்புவார். பத்து படி, பன்னிரண்டு படி வினைகள். நாம் ஐந்து கிராம் செய்து கொடுப்போம். நோட்டுப் புத்தகம் பெட்டிக்குள் போகும், காப்புரிமை வாடிக்கையாளருக்குப் போகும், நம் பெயர் எங்கேயும் வராது. சோற்றுக்குக் கவலையில்லை, ஆனால் என்ன செய்தோம் என்று வெளியில் சொல்ல முடியாது. நாகராஜன் தலைமுறை சிபாவிலிருந்து கட்டுரைகள் வெளியிட்டது, அதனால்தான் அவர்களை இன்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது. பொம்மசந்திராவில் இன்று இரவு ஷிப்டில் நிற்பவரைப் பற்றி ஐம்பது வருஷம் கழித்து யாரும் இப்படி எழுத முடியாது. பேராசிரியர் ‘இண்டஸ்ட்ரி’ என்று சுருக்குவதில் பாதி அலட்சியம் என்றால், மீதிப் பாதி உண்மையிலேயே தகவல் இல்லாததுதான்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? பட்டியலை மூடிவிட்டு சோத்கங்கா போகச் சொன்னேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன, எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உட்பட. ஆய்வேட்டில் வினைகளைப் பிறகு படிக்கலாம். முதலில் நன்றியுரை. வேதியியலாளர்கள் மனம் விட்டு எழுதும் ஒரே பக்கம் அதுதான். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், வாழ்த்து வார்த்தைகள் வரம்பு மீறும், ஆனால் பட்டியல் விட்டுப்போன ஆட்கள் எல்லாம் அங்கே இருப்பார்கள். என்எம்ஆர் எடுக்க மாதிரியைச் சென்னை ஐஐடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்த நண்பர், கண்ணாடிக் குழாயை ஒட்டிக் கொடுத்தவர், கெமிக்கல் கடன் கொடுத்த பக்கத்து லேப் சீனியர், விடுப்பு தந்த கம்பெனி மேலாளர், நிலத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன். ஒரே வழிகாட்டியின் ஐந்தாறு மாணவர்களின் நன்றியுரைகளை வரிசையாக வாசித்தால் போதும். வழிகாட்டியைப் பற்றி எல்லோரும் ஒரே வாக்கியத்தைத் திருப்பி எழுதியிருக்கிறார்களா, இல்லை ஒவ்வொருவருக்கும் சொல்லத் தனியாக ஏதாவது இருந்ததா என்று கவனிக்கச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து வந்தாள். ஆறு வாசித்திருந்தாள். “நாலு பேரு லேப் அட்டெண்டரை பேர் சொல்லி தேங்க்ஸ் பண்ணியிருக்காங்கண்ணா. ஒருத்தர் ஓசூர்ல வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைமா பண்ணியிருக்காரு. அவரைத்தான் முதல்ல பாக்கணும்” என்றாள்.